போபாலில் ஓர் இரவும் ஒரு கடன் அட்டையும்

இரயில்வேயில் பணிபுரியும் குடும்பங்களுக்குப் பயணம் எளிது. போன இடத்தில் தங்குவதுதான் அரிது. ஐந்தாண்டுப் பணி முடிந்தவர்க்கு ஆண்டுதோறும் மூன்று முறை இலவசப் பாஸ் கிடைக்கிறது. கணவரை இழந்து எங்களையே சார்ந்திருக்கும் எங்கள் அன்னையாரின் பெயரும் அந்தப் பாஸில் இடம்பெறுகிறது. ஆனால் வண்டி எங்களை எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கிருந்து செலவு தொடங்குகிறது. நாகபுரியிலிருந்து நாலா திசைக்கும் வண்டி உண்டு என்று பெருமை பேசிக்கொள்ளும் நாங்கள், பல ஊர்களுக்குக் காலையில் போய் இரவே திரும்பியதற்கு இதுவே காரணம்.

சென்ற பொங்கல் விழாவின்போது, நாங்கள் ஒரு கடன் அட்டையின் உதவியால் போபாலில் பெரிய விடுதியொன்றில் தங்கி வந்த செய்தி எப்படியோ பரவிவிட்டது. "கிரெடிட் கார்டு வாங்கினால் ஓட்டல் இலவசமாமே, உண்மையா?" என்று சங்கத்து அன்பர் பலர் வினவினர். ஒருவருக்கு ஒரு விதமாகவும் மற்றவர்க்கு வேறு விதமாகவும் சொல்லி வைப்பதைவிட, கண்டதையும் கணக்கிட்டதையும் எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று.

முதலில் நாங்கள் ஏன் இதில் இறங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும். அன்னையார்க்கு எழுபத்தொரு வயது. முழங்கால் மூட்டில் அறுவை நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. தரையில் அமர இயலாது. மின்தூக்கியும், நாற்காலி போல் உட்காரும் கழிவறையும் இல்லாத இடத்தில் ஓர் இரவு கழிப்பதும் இயலாது. அதனால், பயணம் என்ற பேச்சை எடுத்தாலே, "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். இரண்டு விடுமுறைகள் அவ்வாறே கழிந்தன. பேரனின் பாடநூலில் சாஞ்சித் தூபியின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனித்தோம். கேட்டால், "படம் நன்றாக இருக்கிறது" என்றதோடு சரி. இவர்களை வீட்டை விட்டு வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமானால், முதலில் ஒரு நல்ல அறை வேண்டும். எங்கள் வீட்டில் கடன் அட்டை நுழைந்த வழி இதுதான்.

விடுதிக் குழுமமொன்றும் வங்கியொன்றும் சேர்ந்து வெளியிடும் அட்டைகள் நம் நாட்டில் அண்மைக் காலத்தவை. எச்.டி.எஃப்.சி. வங்கியும் மாரியட் குழுமமும் சேர்ந்து 2023 ஆகஸ்டில் ஓர் அட்டையை வெளியிட்டன. ஆண்டுக் கட்டணம் ரூ. 3,000; நூற்றுக்குப் பதினெட்டு வரியும் சேர்த்தால் ரூ. 3,540. கட்டணத்திற்கு ஈடாக ஆண்டுக்கு ஓர் இரவு, 15,000 புள்ளிகளுக்கு மேற்படாத விடுதியில் தங்கும் உரிமை கிடைக்கும். அக்குழுமத்து விடுதிகளில் செலவிடும் ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் 8 புள்ளி, பயணத்திற்கும் உணவகத்திற்கும் 4 புள்ளி, மற்றவற்றிற்கு 2 புள்ளி என்று அறிமுகத்தின்போது அறிவித்தார்கள். டாடா குழுமத்தின் நியூ அட்டை 2022-இல் வந்தது. அதில் சேரும் நியூ நாணயம் ஒன்று ஒரு ரூபாய்க்கு ஈடு. தாஜ் விடுதியிலும் செல்லும், மளிகை வாங்கவும் செல்லும். இரயில் பயணச்சீட்டுக்கென்றே புள்ளி தரும் அட்டையும் உண்டு. சீட்டுக்குக் காசு கொடுப்பவர்க்கு அது பயன்படலாம்; பாஸில் போகும் நமக்கு அதனால் ஆவது குறைவு. இவ்விதிகளெல்லாம் அடிக்கடி மாறுபவை. வாங்க எண்ணுபவர் வங்கியின் அண்மைய அறிக்கையைத் தாமே படித்துப் பார்த்தல் வேண்டும். கடைத்தெருவில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் இளைஞர் சொல்வதை மட்டும் கேட்டுக் கையெழுத்திடலாகாது.

எங்களுள் ஆசிரியப் பணி புரியும் இல்லத்தலைவியின் பெயரில், முதலிற் சொன்ன வகை அட்டையைப் பெற்றோம். பெறுமுன் ஒரு மாலை தாளும் பேனாவுமாக அமர்ந்து கணக்குப் பார்த்தோம். அக்கணக்கை ஒளிவின்றிக் கீழே தருகிறோம்.

நாங்கள் போக எண்ணிய நாளில் போபால் விடுதி அறையின் வாடகை ரூ. 6,500. நாளொன்றுக்கு 7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி நூற்றுக்கு ஐந்து, ஆக ரூ. 6,825. கொடுப்பதோ 3,540. மூவாயிரத்திற்கு மேல் ஆதாயம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் இந்த அட்டை இல்லாவிடில் நாங்கள் 6,825 கொடுத்துத் தங்கியிருப்போமா? ஒருபோதும் மாட்டோம். மின்தூக்கியும் தூய்மையும் உள்ள நடுத்தர விடுதி ஒன்றை 2,400 ரூபாய்க்குப் பேசி முடித்திருப்போம். அவ்வாறு பார்த்தால் ஆதாயமில்லை. 1,140 ரூபாய் கூடுதலாகவே செலவிடுகிறோம். விடுதி எழுதி வைத்திருக்கும் விலையைக் கொண்டு ஆதாயத்தை அளப்பது, ஆடித் தள்ளுபடியில் வேண்டாத சேலையை வாங்கிவிட்டுப் பாதி விலை மிச்சம் என்று மகிழ்வதற்கு ஒப்பாகும். அந்த 1,140 ரூபாயை, அன்னையார் வசதியாகத் தங்குவதற்காக மனமறிந்து கொடுக்கிறோம் என்று முடிவு செய்த பின்னரே விண்ணப்பித்தோம்.

புள்ளிகளின் கணக்கு இன்னும் சுவையானது. மளிகை, பள்ளிச் சீருடை, மருந்து முதலியவற்றுக்குத் திங்களுக்கு ரூ. 15,000 இவ்வட்டையில் செலவாகிறது என்று கொள்வோம். 150-க்கு 2 வீதம் திங்களுக்கு 200 புள்ளி, ஆண்டுக்கு 2,400. மற்றோர் இரவுக்கு வேண்டிய 15,000 புள்ளி சேர ஆறாண்டுக்கு மேல் ஆகும். பையனும் கல்லூரி வாசலை எட்டிவிடுவான். ஆண்டுக்கு ஆறு இலட்சம் செலவிட்டால் இன்னோர் இரவு உண்டாம். ஆறு இலட்சம் செலவிடக் கூடியவர் நம் சங்கத்தில் எத்தனை பேர் என்பதை வாசகர்களே அறிவர்.

அடுத்துக் குடும்பத்து ஆட்களின் எண்ணிக்கை. விடுதியார் ஓர் அறை என்றால் பெரியவர் இருவர் என்று கணக்கிடுகின்றனர். சிறு குழந்தை உடன் படுக்கலாம்; மூன்றாவது பெரியவர்க்குக் கூடுதல் படுக்கை, அதற்குத் தனிக் கட்டணம். இலவச இரவும் இந்த இருவர்க்கே. நம் குடும்பங்களோ ஐவர், அறுவர். நாங்கள் கணவன் மனைவி, அன்னையார், பதினோரு வயது மகன், ஏழு வயது மகள் என ஐவர். அட்டை யார் பெயரில் உள்ளதோ அவர் அறையில் தங்குவது முறை. ஆகவே இல்லத்தலைவியும் அன்னையாரும் சிறுமியும் விடுதியில், ஆண்கள் இருவரும் நிலையத்து ஓய்வறையில் என்று பிரித்துக்கொண்டோம். ஓய்வறையை முன்கூட்டியே பதிவு செய்தோம். மாமியாரும் மருமகளும் பெரிய விடுதியில், வீட்டுத் தலைவர் இரயில் நிலையத்தில் என்பது கேட்போர்க்கு நகைப்பாக இருக்கலாம். எங்களுக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

நாகபுரியிலிருந்து போபால் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். சாத்பூரா மலைகளைக் கடந்து இடார்சி வரும்வரை அன்னையார் அதிகம் பேசவில்லை. நர்மதாபுரம் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியதும் எழுந்து நின்று கைகூப்பினார்கள். ஆற்றில் இடுவதற்கென்று முடிந்து வைத்திருந்த நாணயத்தை எடுத்தார்கள். கண்ணாடி மூடிய பெட்டியாதலால் வழியில்லை. "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மீண்டும் முடிந்துகொண்டார்கள். அப்பால் புத்னி மலைப்பகுதியில் தேக்கங்காடும் குகைகளும் மாறி மாறி வரச் சிறுவர்கள் குகைகளை எண்ணத் தொடங்கித் தொகையில் சண்டையிட்டனர்.

விடுதி, நகரின் நடுவே அரேரா குன்றின் பக்கம், பெரிய அங்காடியொன்றை ஒட்டி நிற்கிறது. வாயிலில் அடையாளச் சான்றைப் பார்த்தார்கள். கட்டணமில்லா இரவேயாயினும், சிற்றுண்டி முதலிய செலவுகளுக்கு ஈடாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைத்து மறுநாள் விடுவித்தார்கள். பெரிய விடுதிகளில் இது வழக்கம். அறிந்திராதவர் பணம் போயிற்றே என்று கலங்குவர், அதனால் எழுதுகிறோம். காலைச் சிற்றுண்டி இலவசத்தில் அடங்காது; தலைக்கு இவ்வளவு என்று தனியே வாங்குவர்.

அறையைக் கண்ட அன்னையார், கட்டிலின் வெள்ளை விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "இத்தனை வெள்ளைத் துணியை யார் துவைப்பார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருப்பதைக் கண்டு அவர்கள் முகம் தெளிந்தது. பிறகு வாடகை எவ்வளவு என்றார்கள்.

"இல்லை அத்தை, இது இலவசம்" என்றாள் மருமகள்.

"இலவசமா? யார் கொடுக்கிறார்கள்?"

ஆண்டுக் கட்டணம், வங்கி, புள்ளி என்று மருமகள் பொறுமையாக விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் முன்பே கொடுத்தாயிற்று என்று சொல்லேன், தாயி" என்றார்கள் அன்னையார்.

மாலையில் அனைவரும் பெரிய ஏரிக்குச் சென்றோம். பதினொன்றாம் நூற்றாண்டில் போஜராசன் அமைத்ததென்று சொல்லப்படும் இவ்வேரி, கடல்போல் விரிந்து கிடக்கிறது. 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. கரைச் சுவரில் அமர்வதற்கு வசதியான உயரம். அன்னையார் ஒரு மணி நேரம் எழவில்லை. 1819-க்கும் 1926-க்கும் இடையில் இந்நகரை நான்கு பெண்கள் ஆண்டனர் என்று சொன்னதும், நால்வர் பெயரையும் கேட்டுக்கொண்டார்கள்: குத்சியா, சிக்கந்தர், ஷாஜகான், சுல்தான் ஜகான். அவர்களுள் ஷாஜகான் பேகம் தொடங்கிய தாஜுல் மசாஜித் பள்ளிவாசல் 1985-இல்தான் கட்டி முடிந்தது. போபால் அரச குடும்பத்தார் மக்காவிலும் மதீனாவிலும் தம் நாட்டுப் பயணிகள் கட்டணமின்றித் தங்குவதற்கு விடுதிகள் அமைத்து வைத்தனர். காசியில் 1813 முதல் இருந்துவரும் நகரத்தார் சத்திரத்தை நாங்கள் நினைத்துக்கொண்டோம். அங்கெல்லாம் புள்ளி இல்லை, ஆண்டுக் கட்டணம் இல்லை. காலாவதித் தேதியும் இல்லை.

மூவரையும் விடுதியில் விட்டுவிட்டு ஆண்கள் இருவரும் நிலையம் திரும்பினோம். முதலாம் மேடையில், 1984 டிசம்பர் 2, 3 இடைப்பட்ட நச்சுப்புகை இரவில் பணியிலிருந்து உயிர்நீத்த இரயில்வே ஊழியர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. அன்றிரவு துணை நிலையக் கண்காணிப்பாளராக இருந்த குலாம் தஸ்தகீர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், பயணிகள் நிறைந்து நின்ற வண்டியைக் குறித்த நேரத்திற்கு முன்னரே அனுப்பிவைத்தார். புகையின் கேட்டைத் தம் உடலில் நெடுங்காலம் சுமந்து 2003-இல் மறைந்தார். இதைச் சொன்னபோது பையன், "அந்த ஆபீசில் நீங்கள் இருந்தால்?" என்று கேட்டான். பதில் சொல்ல எளிதான கேள்வியன்று. ஓய்வறையில் இரும்புக் கட்டில்கள்; மின்விசிறி சிறிது முனகிற்று; ஒவ்வொரு வண்டியின் அறிவிப்பும் தெளிவாகக் கேட்டது. பையன் நன்றாக உறங்கினான்.

காலையில் நிலையத்தருகே இவ்வூர் வழக்கப்படி போஹாவும் ஜிலேபியும் உண்டு, விடுதிக்கு இரு பொட்டலம் வாங்கிச் சென்றோம். மூவரும் அதற்குள் எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடி தடவிய இட்டலியை அறையிலேயே முடித்துவிட்டிருந்தனர்! பொட்டலங்கள் சாஞ்சிக்குப் போகும் வழியில் பயன்பட்டன.

சாஞ்சி வடகிழக்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் உள்ளது. குன்றின் மேல்வரை சாலை இருப்பதால் மூட்டு வலியுள்ளவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. அசோகர் காலத்தில் தொடங்கிப் பின்னர் கல்லால் பெரிதாக்கிய தூபி. நாற்புறமும் தோரண வாயில்கள். தெற்கு வாயிலில் விதிசையின் தந்த வேலைக்காரர் செய்தது என்று பொறித்திருக்கிறார்கள். வாயிற் சிற்பங்களில் புத்தரின் உருவமே இல்லை. ஆழியாகவும் மரமாகவும் அடிச்சுவடாகவுமே காட்டியிருக்கிறார்கள். சுற்றுச்சுவர்க் கற்களில், அவற்றை வழங்கியவர்களின் பெயர்களை வெட்டியிருப்பதை வழிகாட்டி காட்டினார். வணிகர், துறவியர், இல்லறப் பெண்டிர் எனப் பலரும் ஆளுக்கொரு கல் கொடுத்திருக்கின்றனர். "பெண்கள் பெயருமா?" என்று கேட்டு, அன்னையார் அக்கல்லைத் தேடிச் சென்று பார்த்தார்கள். கைத்தடியை மறந்து வண்டியிலேயே விட்டுவந்திருந்ததை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம்.

திரும்பும் வழியில் போபாலில் இந்தியன் காபி ஹவுஸில் தோசையும் காபியும் உண்டோம். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை. நம் பக்கத்துச் சுவைக்கு ஏங்குவோர் நம்பிப் போகலாம்.

இனி, அட்டையைக் கையாளும் முறை பற்றிச் சில சொற்கள். பில் வந்தால் முழுத் தொகையையும் கெடுநாளுக்கு முன் கட்டிவிட வேண்டும். 'குறைந்தபட்சத் தொகை' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கட்டினால் போதும் என்று நினைப்பவர் பலர். மிச்சம் வைத்தவுடன் வட்டியில்லாக் காலம் என்னும் சலுகை போய்விடுகிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. திங்களுக்கு நூற்றுக்கு மூன்றே முக்கால் என்று வைத்துக்கொண்டால், 20,000 ரூபாய் பாக்கிக்கு வட்டி 750, வட்டியின் மேல் வரி 135, ஆக 885. நான்கு திங்களில் 3,540. ஓர் ஆண்டுக் கட்டணம் அப்படியே கரைந்துவிடும். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேற்படலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் விதித்திருந்த வரம்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கும். ஊரில் கலியாணம், காது குத்து என்று வருங்கால் இந்த வழி கண்ணுக்குத் தெரியும்; அப்போது அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தின் கடனே மேல்.

தெருமுனைக் கடையில் கைப்பேசியால் சதுரக் குறியைப் படம்பிடித்துப் பணம் செலுத்துகிறோமே, அவ்வகையில் ரூபே கடன் அட்டையை மட்டுமே இணைக்க இயலும். நாங்கள் பெற்றது டைனர்ஸ் வகை. மளிகைக் கடையில் அது பயன்படவில்லை. விடுதி அறையை இடைத்தரகர் தளங்களின் வழியே பதிவு செய்தால் பெரும்பாலும் குழுமத்தின் புள்ளி கிடைக்காது. இலவச இரவுக்கு ஓராண்டே ஆயுள். வாங்கிய அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுவது நன்று. எந்த ஊருக்கு, எந்த விடுமுறையில் போகிறோம் என்பது முடிவான பிறகே அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதலில் அட்டையை வாங்கிப் பிறகு அதற்கேற்ற ஊரைத் தேடினால், அது நம்மைப் போக வேண்டாத ஊருக்கெல்லாம் இட்டுச் செல்லும்.

நாகபுரிக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நர்மதைப் பாலம் வந்ததும் அன்னையார் மகனைத் தட்டி எழுப்பிப் பெட்டியின் கதவருகே அனுப்பினார்கள். அவனை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள, நாணயம் இருட்டில் ஆற்றுக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு விடுமுறைக்குத் தங்கையின் வீட்டுச் சீமந்தத்திற்காக ஊர் செல்கிறோம். அங்கே எங்களுக்கு வீடு உண்டு, விடுதிக்கு வேலையில்லை. ஆகவே இரண்டாம் ஆண்டுக் கட்டணம் விழுமுன் அட்டையை முடித்துவிடும்படி எழுதிக் கொடுத்தோம். பாக்கி இல்லாத அட்டையை முடிக்கக் கேட்டால், ஏழு வேலை நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் வாடிக்கையாளர்க்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதி. எங்களுக்கு ஐந்தாம் நாளே முடிந்தது. சேர்ந்த புள்ளிகள் விடுதிக் குழுமத்தின் உறுப்பினர் கணக்கில் இருக்கின்றன. அட்டை போனாலும் அவை போகா. இருபத்துநான்கு திங்கள் அக்கணக்கில் ஒன்றும் நடவாவிடில்தான் அழியும். அதற்குள் பச்சமடி போகலாமா என்று அன்னையார் கேட்டிருக்கிறார்கள்.